காரைக்குடிலருந்து வெளிநாட்டு பேங்க் வேலைக்கு: நம்ம ஊர் பொண்ணுங்க எங்கருந்து ஆரம்பிக்கணும்

போன மாசம் ஊருக்கு வந்திருந்தப்ப எங்க தெருப் பொண்ணு ஒண்ணு, பி.காம் மூணாவது வருஷம், நேரா வளவுக்குள்ள வந்து உக்காந்து "அக்கா, நானும் உங்களை மாதிரி வெளிநாட்டு பேங்க்ல வேலை பாக்கணும், எங்கருந்து ஆரம்பிக்கணும்"னு கேட்டா. ரெண்டு மணி நேரம் பேசுனோம், அப்பவும் பாதிதான் ஆச்சு, அவங்க ஆத்தா கூப்பிட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டா. மிச்சத்தையும் சேத்து எழுதிருவோம்னுதான் இது. நான் காரைக்குடில பி.காம் படிச்சு, சென்னைல அஞ்சு வருஷம் வேலை பாத்து, அப்பறம் சிங்கப்பூர் வந்து பதிமூணு வருஷம் ஆச்சு. இப்ப கம்பெனிகளுக்குக் கடன் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற வேலை, நாலு நாட்டுக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இந்த வேலை நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன்னு கப்பல் ஏறிப் போய் வட்டித் தொழில் பண்ண செட்டியார்கள் ஊர் இது, கொண்டு விக்கிறதுன்னு சொல்வாங்க. பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடியா போவாங்க, அடுத்தாள்னு உதவி ஏஜென்ட் ஆவாங்க, அப்பறம் மேலாள், கடைக்கே பொறுப்பு. மூணு வருஷக் கணக்கு முடிஞ்சாத்தான் ஊர் திரும்புறது. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்ல கிட்டங்கின்னு ஒரே கூடத்துல வரிசையா பெட்டியைப் போட்டு தரைல உக்காந்துதான் வியாபாரம் பண்ணியிருக்காங்க. 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பிச்சப்ப காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூணு ஊர்லயும் ஒரே நாள்ல கிளை திறந்தாங்க, அந்நியச் செலாவணியும் வெளிநாட்டு வியாபாரமும்தான் அந்த பேங்க்கோட நோக்கமே. ஆனா அந்தப் பெட்டிக்கு முன்னாடி பொண்ணு உக்காரல. பொண்ணுங்களோட சீர்ப்பணம் மட்டும் கடைல வட்டிக்குக் கிடந்துச்சு.

எங்க அப்பத்தா ஒரு நீள நோட்டு வெச்சிருந்தாங்க. யாருக்கு எவ்வளவு, என்ன தேதி, வட்டி எந்த மாசம் வரைக்கும் வந்திருக்குன்னு எல்லாம் அதுல இருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் முத்தத்துல உக்காந்து விரலை வெச்சு ஒவ்வொரு வரியா இறக்குவாங்க, கணக்கு இடிச்சுச்சுன்னா எட்டணாவா இருந்தாலும் கண்டுபிடிக்காம படுக்க மாட்டாங்க. அவங்க அஞ்சாவதுதான் படிச்சவங்க. நான் இன்னிக்கு பண்ற வேலைக்கும் அந்த நோட்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, தொகை பெருசு, நாடு பெருசு, அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். "ஃபைனான்ஸ்ல போகணும்"னு சொன்னா மட்டும் பத்தாது, உள்ள நிறைய கதவு இருக்கு, எந்தக் கதவுன்னு முதல்ல பாத்துக்கணும். ஆடிட், அக்கவுண்ட்ஸ் ஒண்ணு. கம்ப்ளையன்ஸ் ஒண்ணு, அதாவது கருப்புப் பணம், தடை பண்ண நாடுகளோட பணம் உள்ள வராம பாக்கிறது. ட்ரெஷரின்னா டாலர், யூரோ ஏறி இறங்குறதால வர்ற நஷ்டத்தைக் கட்டுப்படுத்துறது. திருப்பூர்க்காரர் ஒருத்தருக்கு மூணு மாசம் கழிச்சு 1 லட்சம் டாலர் வரணும்னா, அதுக்குள்ள டாலர் ஒரு ரூபா இறங்கினாலே அவருக்கு 1 லட்ச ரூபா போச்சு, அதை இன்னிக்கே ஒரு விலைக்குக் கட்டிப் போடுறதுதான் ஃபார்வர்ட். அப்பறம் கிரெடிட், நான் இருக்கிற இடம். கடைசியா ட்ரேட் ஃபைனான்ஸ், அதாவது ஏத்துமதி இறக்குமதிப் பணம் பேங்க் வழியா சரியா கைமாறப் பாக்கிறது. ஊர்லருந்து புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான் முதல்ல கைகாட்டுறது இதைத்தான், ஏன்னா இங்க இங்கிலீஷ் சரளமா பேசுறவங்களைவிட கண்ணு கூர்மையா இருக்கிறவங்கதான் முன்னாடி வர முடியும்.

எல்சின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, லெட்டர் ஆஃப் கிரெடிட். ஆத்தங்குடில ஒருத்தர் தரைக்கல்லு செஞ்சு துபாய்க்கு அனுப்புறார்னு வைங்க. வாங்குறவர் யாருன்னே இவருக்குத் தெரியாது, கல்லு போய்ச் சேந்தப்பறம் காசு வரலைன்னா துபாய்ல போய் யார் வாசல்ல நிக்கிறது. அதனால வாங்குறவரோட பேங்க் ஒரு வாக்கு குடுக்கும், இன்னின்ன பேப்பரை இந்தத் தேதிக்குள்ள சரியாக் குடுத்தா காசு நான் தர்றேன்னு. அந்த வாக்குதான் எல்சி. பேங்க் கல்லைப் பாக்காது, பேப்பரை மட்டும்தான் பாக்கும். அதுக்குன்னு உலகம் பூரா ஒரே விதி, யூசிபி 600னு பேரு, 2007 ஜூலை 1லருந்து நடைமுறைல இருக்கு, மொத்தம் 39 ஆர்ட்டிகிள்தான், ஒரு வாரத்துல படிச்சிரலாம். பேப்பர் கைக்கு வந்து அஞ்சு வேலை நாளுக்குள்ள பேங்க் சரியா தப்பான்னு சொல்லியாகணும். எல்சில வேற கணக்கு போடலைன்னா சரக்கு கப்பல் ஏறி 21 நாளுக்குள்ள பேப்பர் வந்து சேரணும்.

இதுல நான் தப்பு பண்ணியிருக்கேன். சென்னைல வேலைக்குச் சேந்து நாலாவது மாசம், நாள் எண்ணுறதுல ஒரு நாள் பிசகி 22வது நாள் வந்த பேப்பரை சரின்னு அனுப்பிட்டேன். அந்தப் பக்கத்து பேங்க் மறுத்துருச்சு, ஏத்துமதி பண்ணவருக்குக் காசு வர மூணு வாரம் லேட் ஆச்சு, "இதை நம்பித்தாம்மா சனிக்கிழமை கூலி சொல்லியிருந்தேன்"னு அவர் போன்ல சொன்னது இன்னும் காதுல நிக்குது. அன்னிலருந்து கப்பல் ஏறின தேதியையும் கடைசித் தேதியையும் பென்சில்ல காலண்டர்ல வட்டம் போடாம ஒரு ஃபைலைத் தொட்டதில்ல. அடுத்த வருஷமே ஒரு மெஷின் ஷிப்மென்ட்ல இன்வாய்ஸ்ல மாடல் நம்பர் 123, எல்சில 321னு இருந்துச்சு. கூட இருந்தவங்க டைப்பிங் மிஸ்டேக்தானே விட்டுரலாம்னாங்க. மெஷின்ங்கிற வார்த்தைல ஒரு எழுத்து தப்பா இருந்தா அது பரவால்ல, அர்த்தம் மாறாது, ஆனா மாடல் நம்பர் மாறுனா அது வேற மெஷின், விதியே அப்படித்தான் சொல்லுது. நான் விடல. பேப்பர் திருத்தி வந்துச்சு, காசும் நாள் தவறாம வந்துச்சு. என் பேரை மேல இருக்கிறவங்க கவனிச்சதே அதுக்கப்பறம்தான்.

படிப்புக்கு வருவோம், எல்லாரும் கேக்கறது இதைத்தான். வீட்டுல நாலஞ்சு வருஷம் பொறுக்க முடியும்னா சிஏ பண்ணுங்க, இன்னிக்கும் அதுக்கு இருக்கிற மரியாதை வேற எதுக்கும் இல்ல. பி.காம்ல 55 சதவீதம் இருந்தா ஃபவுண்டேஷன் எழுதாமயே நேரா இண்டர்மீடியட் போகலாம், இண்டர்ல 6 பேப்பர், ஃபைனல்ல 6 பேப்பர், ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர் ஆபீஸ்ல பயிற்சி, புதுத் திட்டத்துல ரெண்டு வருஷம்தான். ஆனா அந்த ரெண்டு வருஷத்தை எங்க பண்றீங்கங்கிறது முக்கியம். வரி ஃபைல் பண்றது மட்டும் நடக்கிற ஆபீஸ்ல இருந்துட்டா வெளிநாட்டு வியாபாரம் கண்ணுலயே படாது, ஏத்துமதி இறக்குமதி கம்பெனிகளை ஆடிட் பண்ற ஆபீஸா தேடிப் போங்க, மதுரை, கோயம்புத்தூர், சென்னை எதுவா இருந்தாலும் சரி. வெளிநாட்டுலயும் செல்லுபடி ஆகணும்னா ஏசிசிஏங்கிற பிரிட்டன் அக்கவுண்ட்ஸ் படிப்பு, 13 பேப்பர், பி.காம் படிச்சிருந்தா சிலது தள்ளுபடி ஆகும். முதலீட்டுப் பக்கம்னா சிஎஃப்ஏ, மூணு லெவல். ரிஸ்க்னா எஃப்ஆர்எம், ரெண்டு பார்ட். ட்ரேட் ஃபைனான்ஸ்ல இருக்கிறவங்களுக்கு சிடிசிஎஸ்னு ஒரு சர்டிஃபிகேட், நான் வேலைல இருந்துக்கிட்டே எழுதுனேன், சம்பளத்துல வித்தியாசம் தெரிஞ்சுச்சு. தயவுசெஞ்சு எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல பணம் கட்டாதீங்க, ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததைத் தொடுங்க.

வெளியூர் அனுப்ப மாட்டாங்கன்னா நம்ம ஊர்லயே அழகப்பா யூனிவர்சிட்டி இருக்கு, அங்க மேனேஜ்மெண்ட், பேங்க் மேனேஜ்மெண்ட், இன்டர்நேஷனல் பிசினஸ் எல்லாம் இருக்கு. இன்னொரு வழி ஐபிபிஎஸ் எழுதி கவர்மெண்ட் பேங்க்ல பி.ஓ (ப்ரொபேஷனரி ஆபீசர்) ஆகிறது. வீட்டுல மறுபேச்சு இருக்காது, உள்ள போனப்பறம் ஜேஏஐஐபி, சிஏஐஐபின்னு பேங்க்ல இருக்கிறவங்க எழுதுற பரீட்சை ரெண்டையும் முடிச்சு அந்நியச் செலாவணி கிளைக்கு மாத்தல் கேட்டு வாங்குங்க, அந்த பேங்க்குகளுக்கே வெளிநாட்டுல கிளை இருக்கு, ஆபீசர்களை அனுப்புவாங்க. மெதுவான வழிதான் ஆனா நல்ல வழி.

கடன் வாங்கிப் படிக்கிறவங்க ஒண்ணைத் தெரிஞ்சுக்கோங்க. எஜுகேஷன் லோன் 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்க மாட்டாங்க, 7.5 லட்சத்துக்கு மேல போனா பெரும்பாலும் கேப்பாங்க. நம்ம பக்கத்துல இங்கதான் சிக்கல். பாக்கிறதுக்கு ரெண்டு தெருவை அடைச்சுக்கிட்டு பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளுமா வீடு நிக்கும், ஆனா அதுல இருவது முப்பது பங்கு இருக்கும், ஒரு பங்காளி மலேசியால, ஒருத்தர் அமெரிக்கால, யார் கையெழுத்துப் போடுறது. எந்த பேங்க்கும் அதை ஜாமீனா எடுக்காது. பெரிய வீடு இருக்கேன்னு நம்பி அட்மிஷன் போட்டுட்டுக் கடைசில நகையை அடகு வெச்ச வீடு எனக்கே தெரியும். அப்பச்சி (அப்பா) பேர்ல தனியா இருக்கிற மனையோ டெபாசிட்டோ என்ன இருக்குன்னு முதல்லயே கேட்டுக்கோங்க, கேக்கிறதுல தப்பே இல்ல.

காலேஜ்ல இருக்கும்போதே காசில்லாம பண்ண வேண்டியது ரெண்டு. ஒண்ணு, வீட்டுல இருக்கிற நகைக்கடனோ வண்டிக்கடனோ எடுத்து எக்செல்ல மாசம் மாசம் அசல் எவ்வளவு கழியுது வட்டி எவ்வளவுன்னு நீங்களே ஒரு ஷீட் போடுங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஒத்துப் பாருங்க, இடிச்சா எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிங்க. ரெண்டாவது, ஒரு நாப்பது பக்க நோட்டுல தெனமும் டாலர் ரேட்டை எழுதி, நேத்தைக்கும் இன்னிக்கும் ஏன் மாறுச்சுன்னு ஒரே ஒரு வரி காரணம் எழுதுங்க, கச்சா எண்ணெயா, அமெரிக்கா வட்டியா, ரிசர்வ் பேங்க் டாலர் வித்துச்சான்னு. மூணு மாசம் விடாம பண்ணுனா பிசினஸ் பேப்பர் தானா புரிய ஆரம்பிக்கும், இங்கிலீஷும் கூடவே வரும். எனக்கு இங்கிலீஷ் வந்ததே அந்தப் பேப்பரை மாடில நின்னு சத்தம் போட்டு வாசிச்சுத்தான்.

இண்டர்வியூல "ரிஸ்க்னா என்ன"ன்னு கேப்பாங்க. எல்லாரும் புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லுவாங்க, நீங்க பர்மாவைச் சொல்லுங்க. நான் அதைத்தான் சொன்னேன். நம்ம ஊர்க்காரங்க கீழ் பர்மா நெல் விவசாயிகளுக்கு நிலத்தை ஈடா வாங்கிட்டு கடன் குடுத்தாங்க. அவங்க நிலம் வாங்கப் போகல, வட்டிக்குத்தான் போனாங்க. 1930ல உலகம் பூரா மந்தம், நெல் விலை விழுந்துச்சு, கடனைக் கட்ட முடியாம விவசாயி நிலத்தைக் குடுத்துட்டான், 1930கள் முடியறதுக்குள்ள முக்கியமான நெல் மாவட்டங்கள்ல நிலத்துல சுமார் கால்வாசி செட்டியார்கள் கைல. ஏட்டுல பாத்தா சொத்து ஏறியிருக்கு, ஆனா விக்க ஆள் இல்ல, ஊர்க்காரனுக்கு வயித்தெரிச்சல் வேற. 1942ல ஜப்பான் வந்தப்ப ஜனங்க நடந்தே ஊர் திரும்புனாங்க, 1948ல சுதந்திரம் வந்ததும் நிலத்தை நாட்டுடைமை ஆக்க சட்டம் வந்துச்சு. ஒரே நாட்டுல, ஒரே பயிர்ல, ஒரே மாதிரி ஈடுல பணத்தைக் கொட்டினா என்ன ஆகும், ஈடு கைக்கு வர்றதும் காசு கைக்கு வர்றதும் வேற வேறன்னு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. நான் இப்பவும் ஒரு கடன் ஃபைல் வந்தா முதல்ல கேக்கறது "விலை விழுந்தா இந்தச் சொத்தை யார் வாங்குவா"ன்னுதான்.

முதல் வேலை பெரும்பாலும் சென்னைலதான் கிடைக்கும், வெளிநாட்டு பேங்க்குகளோட பெரிய பெரிய சென்டர்கள் அங்க இருக்கு. பல்லவன் ரயில்ல விடியக்காலைல ஏறுனா மத்தியானம் எக்மோர். நைட் ஷிஃப்ட் உண்டா, வீட்டு வாசல் வரைக்கும் வண்டி வருமா, இதையெல்லாம் ஆஃபர் லெட்டர் வாங்குறதுக்கு முன்னாடியே கேளுங்க. மூணு வருஷம் இருங்க, அதுக்குள்ள ஓடிட்டா ஒண்ணும் கத்துக்க முடியாது, அதுக்கு மேல அதே டேபிள்ல உக்காந்தா அங்கயே வேர் விட்டுரும்.

இங்கதான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிற விஷயம் வருது. ஒவ்வொரு கட்டத்துலயும் உங்க பேர்ல ஒரு நம்பர் இருக்கணும். இவ்வளவு கடன் இவ பொறுப்பு, இவ்வளவு வருமானம் இவ கொண்டு வந்தது, இவ பாத்த ஃபைல்ல வராக்கடன் இவ்வளவுதான்னு சொல்ற மாதிரி. பொண்ணுங்களை பெரும்பாலும் உதவி வேலைலயே வெச்சிருப்பாங்க, ரிப்போர்ட் போடு, மீட்டிங் ஏற்பாடு பண்ணு, புதுசா வந்தவனுக்குச் சொல்லிக்குடு, எல்லாம் நல்லாப் பண்ணுவோம், பாராட்டும் வரும், ப்ரமோஷன் வேற ஆளுக்குப் போகும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. மூணு வருஷம் நான் பாத்துக்கிட்ட ஒரு பெரிய கஸ்டமரை, பேர் சொல்லிக் குடுக்கிற நேரத்துல பக்கத்து சீட் பையனுக்குக் குடுத்தாங்க, கேட்டதுக்கு "உனக்கு கல்யாண வயசு, ட்ராவல் பண்ண வேண்டியிருக்கும்"னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் போகல, போகவும் வேணாம். மறுநாள்லருந்து நான் பாத்த ஒவ்வொரு டீலுக்கும் தேதி, தொகை, கிடைச்ச கமிஷன்னு ஒரு நோட்டு போட ஆரம்பிச்சேன், வருஷக் கடைசில அதை எடுத்து டேபிள்ல வெச்சுப் பேசுனேன். அப்பறம் கொடுத்தாங்க. நீங்க முதல் நாள்லருந்தே அந்த நோட்டைப் போடுங்க.

சென்னைல பொறந்து வளந்த இந்திரா நூயியைப் பாருங்க, பெப்சிகோல 1994ல சேந்து, 2001ல பிரசிடெண்டும் சிஎஃப்ஓவும் (நிதித் தலைமை), 2006லதான் சிஇஓ, 2018 வரைக்கும் இருந்தாங்க. பணக் கணக்கு கைல இருந்த சீட்ல அஞ்சு வருஷத்துக்கு மேல உக்காந்தப்பறம்தான் தலைமை சீட். இப்ப நம்ம நாட்டுச் சட்டமே லிஸ்டட் கம்பெனி போர்டுல கட்டாயம் ஒரு பொண்ணு இருக்கணும்னு சொல்லுது, 2013 கம்பெனிகள் சட்டத்துலருந்து. அந்த நாற்காலிக்கு ஆள் தேடுறப்ப பேலன்ஸ் ஷீட்டைப் படிச்சு கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்களைத்தான் தேடணும், தேடுவாங்க.

வெளிநாடு போறதுன்னா ரெண்டு வழி, இருக்கிற பேங்க்லயே மாத்தல் வாங்குறது, இல்ல நேரா அப்ளை பண்றது. முதல் வழி ரொம்ப சுலபம். சிங்கப்பூர்ல எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு (வேலை அனுமதி) 2025 ஜனவரிலருந்து குறைஞ்ச சம்பளம் மாசம் 5,600 சிங்கப்பூர் டாலர், ஃபைனான்ஸ் துறைக்கு 6,200, வயசு ஏற ஏற இதுவும் ஏறும், அது போக காம்பஸ்னு பாயிண்ட் கணக்கு, 40 எடுக்கணும். அதனால படிச்சு முடிச்ச உடனே சிங்கப்பூர்ல பேங்க் வேலை வாங்கித் தர்றேன்னு எவனாவது லட்சக்கணக்குல கேட்டா நம்பாதீங்க. ஏஜென்ட் பதிவு பண்ணவரான்னு மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல பாருங்க, சட்டப்படி அவங்க வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். குஜராத்ல கிஃப்ட் சிட்டியும் இருக்கு, இந்தியாக்குள்ளயே டாலர்ல நடக்கிற வியாபாரம், வீட்டுல கடல் தாண்ட விடலைன்னா அதையும் யோசிங்க. போனப்பறம் மறக்காம ஊர்ல இருக்கிற சேவிங்ஸ் அக்கவுண்ட்டை வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான என்ஆர்ஓ கணக்கா மாத்தி, வெளிநாட்டு சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு ஒண்ணு திறந்துக்கோங்க.

கல்யாணம் பத்தி. பேச்சு ஆரம்பிக்கும்போதே மாப்பிள்ளை வீட்டுல நேராச் சொல்லிருங்க, வேலை தொடரும், ஊர் மாறலாம், ராத்திரி போன் வரும்னு. இதைச் சொன்னதால நின்னு போன சம்பந்தம் எனக்கு ரெண்டு, அதுல எனக்கு வருத்தம் இல்ல. பிள்ளை பெத்தா முதல் ரெண்டு பிள்ளைக்கும் 26 வாரம் சம்பளத்தோட லீவு உங்க உரிமை, யார்கிட்டயும் கூசிக்கிட்டு கேக்காதீங்க. லீவுல போறதுக்கு முன்னாடி உங்க ஃபைல் யார்கிட்ட போகுது, திரும்பி வந்தா எது உங்ககிட்ட வரும்னு மெயில்ல எழுதி வாங்கிட்டுப் போங்க. ஆபீஸ்ல யாராவது தப்பா நடந்தா, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற எந்த இடத்துலயும் உள் புகார் குழு இருக்கணும், மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், தள்ளிப் போடாதீங்க.

வீட்டுல அப்பச்சிகிட்ட எப்படிப் பேசுறதுன்னு அந்தப் பொண்ணு திரும்பத் திரும்பக் கேட்டா. அழுது பேசாதீங்க, கணக்கா பேசுங்க. ஹாஸ்டலுக்கு மாசம் எவ்வளவு, பரீட்சைக்கு எவ்வளவு, முதல் சம்பளம் எவ்வளவு வரும், கடன் எத்தனை வருஷத்துல அடையும்னு ஒரே தாள்ல எழுதிக் கைல குடுங்க. கடன் கணக்கு பாத்தே வளந்த ஊர், தாளைப் பாத்தா நிதானமாக் கேப்பாங்க. எங்க அப்பச்சி ரெண்டு நாள் பதிலே சொல்லல, மூணாம் நாள் காலைல அந்தத் தாள்ல பென்சில்ல திருத்தி வெச்சிருந்தாங்க, ஹாஸ்டல் செலவை நான் கம்மியாப் போட்டுட்டேன்னு.

அந்தப் பொண்ணு டாலர் நோட்டு ஆரம்பிச்சுட்டா. நேத்து ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தா, பதினோரு நாள் விடாம எழுதியிருக்கா, ஏழாவது நாள் மட்டும் ரேட் இருக்கு, காரணம் இல்ல. அதைத் தேடி எழுதிட்டு திரும்ப அனுப்புன்னு சொல்லியிருக்கேன்.